பெயர் சூட்டினால் போதுமா?

அம்பாறைக் கரையோரத்து மேடைகளில் நான் பலமுறை கேட்டுச் சலித்த பெருமை ஒன்றுண்டு. "அல்கோல், அல்தெபரான், ரைகல் எல்லாம் நம்மவர் இட்ட அறபுப் பெயர்கள்" என்று பேச்சாளர் முழங்குவார். கைதட்டல் எழும், கூட்டம் கலையும். ஒருவரேனும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

964ஆம் ஆண்டளவில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி செய்தது வெறும் பெயர் சூட்டலன்று. தொலமியின் பழைய பட்டியலிலிருந்த விண்மீன்களின் ஒளியைத் தம் கண்ணாலேயே மறுபடி மதிப்பிட்டார். வேறுபட்ட இடங்களில் தாம் கண்டதையே எழுதினார். அந்த உழைப்புக்கு நாம் வாரிசுகள்தானா?

"கருவி இல்லை, நிதி இல்லை" என்று அதிபர்களும் ஆசிரியர்களும் சொல்லக்கூடும். ஜெசோரின் ராதா கோவிந்த சந்திரா கருவூலத்தில் நாணயம் சோதித்த எழுத்தர், மெட்ரிக்குலேஷன் தேறாதவர். ஒளி மாறும் விண்மீன்களை 1919 முதல் 1954 வரை மதிப்பிட்டு, 37,000க்கும் மேற்பட்ட அவதானிப்புகளை அமெரிக்க மாறொளி விண்மீன் அவதானிப்பாளர் சங்கத்துக்கு அனுப்பினார். அவரது உழைப்பை மதித்து அச்சங்கமே ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தது.

இந்த வேலைக்குத் தொலைநோக்கிகூட எப்போதும் தேவையில்லை. திருவாதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். புரோசியனின் ஒளியளவு 0.4, ரோகிணியினது 0.9. எண் கூடினால் ஒளி குறைவு. திருவாதிரை இவ்விரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது எனக் கணித்து, நாளும் நேரமும் குறித்தால் அதுவே ஓர் அளவீடு. வழக்கமாக 0.5 அளவில் ஒளிரும் அது 2020 பெப்ரவரியில் ஏறத்தாழ 1.6க்கு மங்கியது. அது உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசாகி ஒளியை மறைத்தது என்பதே பின்னர் வந்த விளக்கம். இரவுதோறும் காத்திருக்கப் பெரிய தொலைநோக்கிகளுக்கு நேரமில்லை. அந்த இடைவெளியை நிரப்புவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத ஆர்வலர்களே.

கல்முனை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகைதான். வடவானமும் தென்வானமும் பெரும்பாலும் நமக்குத் தெரியும். கிழக்கே கடலுக்கு மேல் மறைப்பேதுமில்லை. மாரி மழை ஓய்ந்தபின் வரும் மாலைகளில் திருவாதிரை உச்சியில் நிற்கும். இருந்தும் வானவியலைப் பரீட்சை வினாவாக்கி, பிள்ளைகளை இரவிலும் டியூஷன் கொட்டில்களில் அடைக்கிறோம்.

தலைப்பிறை பார்க்கத் தெரிந்த சமூகம் இது. மங்கிய கீற்றைத் தேடும் பொறுமையும், கண்டதை மட்டுமே சாட்சி சொல்லும் ஒழுக்கமும் நமக்குப் புதிதல்ல. பிறை தெரிந்ததும் மொட்டைமாடியை விட்டு இறங்கிவிடுகிறோமே, அதுதான் என் வழக்கு. ஒவ்வொரு பாடசாலையும் ஒரு கொப்பியைத் திறக்கட்டும். அஸ்ஸூபியைப் பற்றிய மேடைப் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.