எல்லாக் காலத்துக்கும் ஒரே டயரா?

"பெயரிலேயே ஆல் சீசன் இருக்கிறதே, அப்புறம் பனிக்காலத்துக்கு எதற்குத் தனி டயர்?" கனடாவில் கார் வைத்திருப்பவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமாகத்தான் தெரியும். ஆனால் சிக்கல் பனியில் மட்டும் இல்லை, ரப்பரிலும் இருக்கிறது. குளிர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகத் தொடங்கும், பிடிமானம் குறையும். அதிலும் 'பெர்ஃபார்மன்ஸ்' வகை வேகத்துக்கும் வளைவுக்கும் செய்தது. நாலு சக்கர டிரைவ் இருக்கிறதே என்பார்கள். அது வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது.

கியூபெக் 2008லேயே சட்டம் போட்டுவிட்டது. இப்போது அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். பக்கத்து ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. 2016 முதல் காப்பீட்டில் தள்ளுபடி உண்டு, அவ்வளவுதான்.

செலவா? ஒரு செட் ஓடும்போது மற்றது தேயாது. ஆக, கூடுதல் செலவில் பெரும்பகுதி முன்கூட்டியே கொடுக்கும் பணம்தான். இரண்டு செட் வைக்க இடமில்லையென்றால், மலைக்குள் பனிப்பூ முத்திரை உள்ள ஆல் வெதர் டயர் போடலாம். கியூபெக்கே அதை ஏற்கிறது.

நிற்காத வண்டி தன் சொந்தக்காரரை மட்டுமா இடிக்கும்? ஒன்டாரியோவும் இதைக் கட்டாயமாக்குவதுதான் சரி. என்ன சொல்கிறீர்கள் மக்களே?