சாதனத்தில் ஏறாத கருவிகள்

ரவுட்டர் போன்ற சிறு சாதனங்களுக்குரிய லினக்ஸை மூலநிரலிலிருந்து கட்டித் தரும் பில்ட்ரூட்டில், சிமேக் முதலிய கட்டுமானக் கருவிகளுக்குத் தனிப் பொதிகளைப் பராமரிப்பது வீண் என்றும், அவை சாதனத்தில் ஏறாதவை ஆதலால் உருவாக்குநரின் கணினியில் உள்ளவையே போதும் என்றும் ஒரு வாதம் உண்டு.

ஏறாதவை என்பது உண்மை, முடிவுதான் பிழை. சங்கரன்கோவில் விசைத்தறிகளில் பாவுக்குப் போடும் கஞ்சி, சேலையைத் துவைத்தால் போய்விடும் என்பதற்காக, கஞ்சியில்லாப் பாவை எவர் தறியில் ஏற்றுவார்?

முதலாவது, அந்தக் கணினி யாருடையது, எந்த ஆண்டினது? 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12, பொதிகளை நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் தொகுதியை நீக்கியது. 2025இல் வந்த சிமேக் 4.0, 3.5க்கு முந்தைய பதிப்புகளுடனான இணக்கத்தைக் கைவிட்டதால், பழைய நிரல்கள் பல, ஓரெழுத்தும் மாறாதிருந்தும், கட்டப்பட மறுத்தன. கணினியிலுள்ள சிமேக் தகுதியானதாயின் பில்ட்ரூட் அதையே ஏற்கிறதே எனலாம். தகுதியைச் சோதித்து ஏற்பதும் பராமரிப்பன்றி வேறென்ன?

இரண்டாவது, கருவி தீங்கற்றது என்னும் நம்பிக்கை. 2024இல் எக்ஸ்இசட் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கட்டுமானத்தின்போது பின்கதவைப் புகுத்தியது, சாதனத்தில் ஏறாத ஓர் எம்4 கோப்பே. பொதியில் பதிப்பெண்ணையும் சரிபார்ப்புத் தொகையையும் பதிந்துவைப்பது அந்த நஞ்சைத் தடுத்திராது. ஆயினும், எந்தச் சாதனம் எந்தப் பதிப்பால் கட்டப்பட்டது என்ற கேள்விக்கு அன்றே விடை சொல்ல அப்பதிவு வேண்டும்.