"அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போட்டுப் பாருங்க!"

பழைய கம்ப்யூட்டரில் வீடியோ ஓடவில்லை, கேம் திறக்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொன்னாலும் அந்த நாட்களில் ஒரே பதில்தான். "ஃப்ளாஷ் பிளேயரை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போட்டுப் பாருங்க." விஷயம் தெரிந்தவரும் இதையே சொன்னார், தெரியாதவரும் இதையே சொன்னார். ஜலதோஷத்துக்குச் சுக்குக் கஷாயம் மாதிரி. ஆனால் கஷாயம் கெடுதல் செய்யாது. இந்த வைத்தியமோ, கோளாறெல்லாம் தன்னுடையதுதான் என்று கம்ப்யூட்டர் வைத்திருந்தவரையே நம்ப வைத்தது.

இந்த வைத்தியம் சில நேரம் பலித்தது, அதை மறுப்பதற்கில்லை. விண்டோஸில் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஆக்டிவ்எக்ஸ் வடிவில் ஒரு ஃப்ளாஷ், ஃபயர்ஃபாக்ஸுக்கு வேறொரு ஃப்ளாஷ். ஒன்றைப் போட்டால் மற்றதற்கு வராது. பிரவுசரை மூடாமல் அன்இன்ஸ்டால் செய்தால் ஃபைல் பயன்பாட்டில் இருப்பதால் பாதி அழியும், பாதி நிற்கும். அடோபியே இதற்கென்று தனி அன்இன்ஸ்டாலர் ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மாதிரிச் சமயங்களில் துடைத்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகும்தான். சரி, இரண்டு ஃப்ளாஷ் இருக்கிறது என்று சாதாரண ஆளுக்கு யார் சொன்னது?

மறுபடி போடுவதிலும் ஒரு கூத்து உண்டு. டவுன்லோட் பக்கத்தில் மெக்காஃபி செக்யூரிட்டி ஸ்கேனுக்கு முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருப்பார்கள். கவனிக்காமல் 'அடுத்து' அழுத்தினால் அதுவும் சேர்ந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். 256 எம்பி மெமரியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைச் சரிசெய்யப் போனவருக்குக் கிடைத்த பரிசு, இன்னொரு சுமை. :-)

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது வேறு. எத்தனை முறை போட்டாலும் ஓடவே ஓடாது என்று தயாரித்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இயந்திரங்களின் கதை அது.

விண்டோஸ் 98 வைத்திருந்தவருக்கு ஃப்ளாஷ் 9தான் கடைசி. 2008இல் 10 வந்ததும் தளங்கள் ஒவ்வொன்றாக "புதிய பதிப்பு தேவை, இங்கே சொடுக்கவும்" என்றன. சொடுக்கினால் வரும் புதிய பதிப்போ 98இல் ஏறாது. திரும்பப் பழைய இடம். செக்கு மாடுகூடச் சாயங்காலம் அவிழ்த்துவிடப்படும்! பவர்பிசி மேக் வைத்திருந்தவர்களுக்கு 10.1உடன் கதவு சாத்தப்பட்டது. 2012இல் லினக்ஸுக்கு வந்த 11.2 இன்னும் மோசம். எஸ்எஸ்இ2 என்ற கட்டளைத் தொகுதி பிராசஸரில் இல்லாவிட்டால் அது அப்படியே விழுந்துவிடும். பென்டியம் 3இலும் அத்லான் எக்ஸ்பியிலும் அது கிடையாது. "உங்கள் பிராசஸரில் இது ஓடாது" என்று ஒரு வரி காட்டியிருந்தால் மனிதர் நிம்மதியாகப் போய்ப் படுத்திருப்பார். திரையில் வந்ததோ, ப்ளக்-இன் கிராஷ் ஆகிவிட்டது என்ற செய்தி மட்டும். கிராஷ் என்றால் என்ன செய்ய வேண்டும்? அதுதான் ஊருக்கே தெரியுமே, அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி...

கடைசி அடி 2021 ஜனவரி 12 அன்று விழுந்தது. ஃப்ளாஷை நிறுத்தப்போகிறோம் என்று 2017 ஜூலையிலேயே அடோபி அறிவித்தது உண்மை. ஃப்ளாஷில் பாதுகாப்பு ஓட்டைகள் சல்லடை மாதிரி இருந்ததும் உண்மை. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு ஓட்டைகளை அடைக்க மாட்டோம் என்று சொன்னதில் யாருக்கும் புகார் இருக்க முடியாது. ஆனால் 2020இன் பிற்பகுதியில் வந்த பதிப்புகளுக்குள் ஒரு கெடுவைப் புதைத்து, அந்தத் தேதியில் எல்லார் கம்ப்யூட்டரிலும் தானாக நின்றுபோகச் செய்தார்களே, அது எந்த ஊர் நியாயம்? சொன்ன பேச்சைக் கேட்டு ஒழுங்காக அப்டேட் செய்தவருக்குத்தான் நின்றது. சோம்பேறித்தனமாகப் பழைய பதிப்பையும் பழைய பிரவுசரையும் வைத்திருந்தவருக்கு ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி போடலாம் என்றால் டவுன்லோட் பக்கத்தையும் எடுத்துவிட்டார்கள். அதிகாரபூர்வமான இடத்தை மூடினால் மக்கள் எங்கே தேடிப் போவார்கள்? ஃப்ளாஷ் இன்ஸ்டாலர் என்று வேஷம் போட்டு மேக்குகளில் நுழைந்த ஃப்ளாஷ்பேக் வைரஸ் 2011இலேயே வந்துபோனதுதான். பாதுகாப்புக்காக என்று சொன்ன காரியம் ஆட்களை அந்தப் பக்கம்தான் தள்ளியது.

பெரிய இடத்துக்கு மட்டும் வழி இருந்தது. நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய தளங்களை ஒரு அமைப்பு ஃபைலில் எழுதி அனுமதித்துக்கொள்ளலாம், காசு கொடுத்தால் ஹார்மன் நிறுவனம் தொடர்ந்து பார்த்துக்கொள்ளும். தென்னாப்பிரிக்க வருமான வரித் துறை ஃப்ளாஷ் படிவங்களுக்காக 2021 ஜனவரியில் சொந்தமாக ஒரு பிரவுசரையே வெளியிட்டது. வீட்டில் பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர் பிரவுசர் எழுதுவாரா? மூலநிரலை வெளியிடுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று 2017இல் கிட்ஹப்பில் மனுவும் போட்டார்கள். நிரல் வரவில்லை.

ரஃபிள் என்ற எமுலேட்டர் இப்போது நிறைய ஃப்ளாஷ் கோப்புகளை ஓட்டுகிறது, இன்டர்நெட் ஆர்கைவ் 2020 நவம்பரிலேயே அதைச் சேர்த்துக்கொண்டது. நல்ல வேலை. ஆனால் பிரவுசருக்குள் அது ஓட வெப்அசெம்பிளி வேண்டும். பழைய பிரவுசரில் அது ஏது? பழைய கம்ப்யூட்டர்காரர் மறுபடியும் வாசலிலேயே நிற்கிறார். பாட சிடியிலோ ஹார்ட் டிஸ்கிலோ எஸ்டபிள்யூஎஃப் ஃபைல் வைத்திருப்பவர்களுக்கு, பிரவுசரே இல்லாமல் தனியாக ஓடும் அடோபியின் புரொஜெக்டர் போதும். அதில் கெடு கிடையாது. பழைய டிஸ்கில் அது கிடந்தால் அழித்துவிட வேண்டாம்.