ஏமாளி மேஜையைத் தேடி நாடு மாறலாமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் போன் செய்தான். "மச்சி, வேலைய விட்டுட்டு வெளிநாடு போயிடலாம்னு பாக்கறேன்" என்றான். ஆன்சைட் வாய்ப்பு வந்திருக்கிறது போலும் என்று வாழ்த்துச் சொல்லப் போனேன். "ஆன்சைட் இல்லடா, ஆன்லைன் போக்கர் ஆட" என்றான்.

இரவில் இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரில் போக்கர் ஆடுவது அவன் பழக்கம். 2025 ஆகஸ்ட்டில் நம் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். இங்கிருந்த பெரிய தளங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. "போற நாட்டுல கேம் ரொம்ப சாப்ட்டுடா. வர்றவனெல்லாம் கத்துக்குட்டி" என்பது அவன் வாதம்.

இது புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். "ஒரு லேப்டாப் இருந்தால் போதும், உலகின் எந்த மூலையிலிருந்தும் சம்பாதிக்கலாம்" என்ற பேச்சு ஒருநாள் உங்கள் திரைக்கும் வரும். அப்போது கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இது.

சாப்ட் ஆட்டம் என்றால் என்ன?

போக்கரில் நீங்கள் தளத்தை எதிர்த்து ஆடுவதில்லை. மேஜையில் இருக்கும் மற்றவர்களை எதிர்த்து ஆடுகிறீர்கள். நடுவில் சேரும் பணத்தில் தளம் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். இதற்கு ரேக் என்று பெயர். ஆகவே ஒருவர் ஜெயித்த பணம் முழுவதும் மற்றவர்கள் தோற்ற பணம். அதிலும் ரேக் போக மிச்சம்தான் கைக்கு வரும்.

விவரம் தெரியாதவர்கள் அதிகம் உட்கார்ந்திருக்கும் மேஜை சாப்ட் மேஜை. அங்கே நன்றாக ஆடுபவருக்கு வருமானம் கூடும். அதனால் நண்பன் சொல்வதை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது.

அமெரிக்கர்கள் இதைச் செய்தார்கள்

இது புதிய யோசனையும் இல்லை. 2006 அக்டோபரில் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டு வந்து, சட்டவிரோத இன்டர்நெட் சூதாட்டத்துக்குப் பணம் செல்லும் வழிகளை அடைத்தது. சில பெரிய தளங்கள் அதையும் மீறி நடத்தி வந்தன. 2011 ஏப்ரல் 15 வெள்ளிக்கிழமை, போக்கர்ஸ்டார்ஸ், புல் டில்ட், அப்சல்யூட் போக்கர் ஆகிய மூன்று தளங்களுடன் தொடர்புடைய 11 பேர் மீது நியூயார்க்கில் குற்றப்பத்திரிகை வெளியானது. போக்கர் உலகம் அந்த நாளைக் கறுப்பு வெள்ளி என்கிறது.

அன்றோடு அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலருக்கு வேலை போயிற்று. கனடா, மெக்சிகோ, கோஸ்டாரிகா என்று பலர் கிளம்பினார்கள். வீடு பார்ப்பது, வங்கிக் கணக்கு திறப்பது எல்லாவற்றையும் செய்து தர ஒரு நிறுவனமே தொடங்கப்பட்டது.

அவர்கள் போனதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுக்கும் என் நண்பனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்களுக்கு அதுதான் தொழில். பல லட்சம் ஆட்டங்கள் ஆடி, தாங்கள் ஜெயிப்பவர்கள் என்று நிரூபித்திருந்தார்கள். விடுவதற்கு வேறு வேலையும் இல்லை. என் நண்பன் விடப்போவது மாதச் சம்பளத்தை.

எக்ஸெல் என்ன சொல்கிறது?

நண்பன் ஒழுங்கானவன். ஆடிய தேதி, ஆட்டங்களின் எண்ணிக்கை, லாப நஷ்டம் எல்லாம் எக்ஸெல் பைலில் வைத்திருந்தான். அதை வாங்கிப் பார்த்தேன். எட்டு மாதத்தில் 40,000 ஆட்டங்கள். கட்டாயப் பந்தயம் (பிக் பிளைண்ட்) 20 ரூபாய் உள்ள மேஜை. லாபம் 32,000 ரூபாய். அதாவது 100 ஆட்டத்துக்கு 4 பிக் பிளைண்ட் லாபம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் போக்கரில் அதிர்ஷ்டத்தின் ஊசலாட்டம் மிகப் பெரியது. ஆறு பேர் ஆடும் மேஜையில் 100 ஆட்டத்துக்குத் திட்ட விலக்கம் சுமார் 100 பிக் பிளைண்ட். ஆட்டங்கள் கூடக் கூட இது வர்க்கமூல வேகத்தில் வளரும். 40,000 ஆட்டம் என்பது 400 நூறுகள். 400ன் வர்க்கமூலம் 20. ஆகவே 20 x 100 = 2,000 பிக் பிளைண்ட். ரூபாயில் சொன்னால் 40,000.

லாபம் 32,000. வெறும் அதிர்ஷ்டத்தால் வரக்கூடிய ஏற்ற இறக்கம் 40,000! எக்ஸெலின் நார்ம்டிஸ்ட் பங்க்ஷனில் போட்டுப் பார்த்தேன். லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் ஆடக்கூடிய ஐந்து பேரை உட்கார வைத்தால், அதில் ஒருவர் அதிர்ஷ்டத்தாலேயே இவ்வளவு லாபம் காட்டிவிடுவார். நண்பன் நல்ல ஆட்டக்காரனாக இருக்கலாம். அந்த ஐந்தில் ஒருவனாகவும் இருக்கலாம். எது என்று இந்தப் பைல் சொல்லாது.

சரி, அவன் உண்மையிலேயே ஜெயிப்பவன் என்றே வைத்துக்கொள்வோம். கடினமான மேஜையில் 100 ஆட்டத்துக்கு 2 பிக் பிளைண்ட், சாப்ட் மேஜையில் 5 என்று கொள்வோம். பிக் பிளைண்ட் ஒரு டாலர். ஒரு லட்சம் ஆட்டத்தில் முதல் மேஜையில் 2,000 டாலர், இரண்டாவதில் 5,000 டாலர் எதிர்பார்க்கலாம். நஷ்டத்தில் முடியும் வாய்ப்பும் 26 சதவீதத்திலிருந்து சுமார் 6 சதவீதமாக இறங்கும். நாடு மாறுவதற்கு ஆதரவான மிக வலுவான வாதம் இதுதான்.

இப்போது செலவைப் பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கு மேஜை ஆடினால் மணிக்கு 300 ஆட்டம். ஒரு லட்சம் ஆட்டத்துக்கு 333 மணி நேரம். தினம் 5 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் இரண்டரை மாதத்துக்கும் மேல். கூடுதலாகக் கிடைக்கும் 3,000 டாலரை மாதக் கணக்கில் பிரித்தால் சுமார் 1,100 டாலர். வாடகை, முன்பணம், விமான டிக்கெட், விசா, மருத்துவக் காப்பீடு, வரி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

நான் 11 மாதம் ஆன்சைட்டில் இருந்தவன். முதல் இரண்டு வாரம் ஹோட்டலையும் காப்பீட்டையும் கம்பெனி பார்த்துக்கொண்டது. அப்படியும் திண்டாடினேன். வங்கியில் வீட்டு முகவரி கேட்டார்கள். வீட்டுக்காரர் வங்கிக் கணக்கு கேட்டார். கையில் வேலைக் கடிதம் இருந்ததால் தப்பித்தேன். போக்கர் ஆடப் போகிறவர் எந்தக் கடிதத்தைக் காட்டுவார்?

வீட்டிலிருந்தே நாடு மாறலாமா?

வி.பி.என். போட்டு ஐ.பி. முகவரியை மாற்றிக்கொண்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். பெரிய தளங்களின் விதிமுறைகள் இதைத் தடுக்கின்றன. 2013 நவம்பரில் நியூஜெர்சியில் சட்டப்படி ஆன்லைன் போக்கர் தொடங்கியபோதே, ஆடுபவர் மாநில எல்லைக்குள்தான் இருக்கிறாரா என்று சோதிக்கும் சாப்ட்வேர் கட்டாயமானது. ஐ.பி. முகவரி மட்டுமின்றி அருகிலுள்ள வை-பை சிக்னல்களையும் போனின் ஜி.பி.எஸ்.சையும் இவ்வகை சாப்ட்வேர்கள் பார்க்கும். பணம் கட்டும்போது யாரும் கேள்வி கேட்காமல் விடலாம். பணத்தை எடுக்கும்போதுதான் முகவரிச் சான்று கேட்பார்கள். அப்போது கணக்கு முடங்கினால் யாரிடம் போய்ப் புகார் செய்வீர்கள்?

ஒழுங்காக ஆடியவர்கள் பணமும் சிக்கியதுண்டு. 2011 மார்ச் இறுதியில் புல் டில்ட் தளம் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 390 மில்லியன் டாலர். வங்கியில் இருந்தது சுமார் 60 மில்லியன்தான். பின்னர் போக்கர்ஸ்டார்ஸ் அதை வாங்கி, அரசுடன் சமரசம் செய்து, அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் வரத் தொடங்கியது 2014 பிப்ரவரியில். ஏறக்குறைய மூன்று வருடம்!

எத்தனை நாள் சாப்ட்டாக இருக்கும்?

எளிய பணம் இருக்கும் இடம் ரகசியமாக இருப்பதில்லை. உங்களுக்குத் தெரிந்தது மற்ற ஆட்டக்காரர்களுக்கும் தெரியும். சட்டமும் மாறும். பிரான்சிலும் ஸ்பெயினிலும் உள்ளூர் ஆட்டக்காரர்கள் தனி வேலிக்குள் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2018 ஜனவரியில் போக்கர்ஸ்டார்ஸ் அவ்விரு நாடுகளின் மேஜைகளையும் ஒன்றாக்கியது. அதே ஆண்டு போர்ச்சுகலும் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் 2017ல் சட்டம் இறுகியதும் அதே தளம் வெளியேறியது. நம் ஊரையே பாருங்கள். தமிழக அரசு 2022ல் தடைச் சட்டம் கொண்டு வந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி அவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025ல் மத்திய அரசின் சட்டம் வந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கம்ப்யூட்டரே இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராடஸ் என்ற புரோகிராம் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்களில் தோற்கடித்தது. 2019ல் புளூரிபஸ் என்ற புரோகிராம் ஆறு பேர் ஆடும் மேஜையிலும் ஜெயித்தது. சிறந்த நகர்வைக் கணக்கிட்டுக் காட்டும் சால்வர் சாப்ட்வேர்கள் இன்று வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடுகின்றன. நேற்றைய கத்துக்குட்டி இன்று அதை வைத்துப் பயிற்சி செய்கிறார். சிலர் பயிற்சிக்கும் போகாமல் புரோகிராமையே ஆட வைக்கிறார்கள்.

எதிரே இருப்பவர் யார்?

கடைசியாக ஒன்று. சாப்ட் மேஜை என்கிறோமே, அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர் யார்? வேலை முடிந்து வந்து, சம்பளத்தில் ஒரு பகுதியை இழக்கும் யாரோ ஒரு மனிதர். விருப்பப்பட்டுத்தான் ஆடுகிறார், சரி. ஆனால் அவரைப் போன்றவர்கள் எங்கே அதிகம் என்று தேடி ஒரு நாட்டுக்கே குடிபோவதில் எனக்கு உறுத்தல் இருக்கிறது. நான் எழுதும் சாப்ட்வேரில் ஆயிரம் குறை இருக்கலாம். அதை வாங்கியவருக்கு ஒரு வேலையாவது முடிகிறது.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். "அப்போ போக வேணாங்கறியா?" என்றான். "எந்த நாடு பிடிக்குதோ அங்க வேலை தேடிப் போ. கேம் சாப்ட்டுங்கறதுக்காகப் போகாதே" என்றேன். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டான். இரண்டு நாள் கழித்து ஒரு மெயில். அதே எக்ஸெல் பைல், புதிதாக ஒரு காலத்துடன். தலைப்பு: "தூக்கம் கெட்ட மணி நேரம்". எட்டு மாதத்துக்கும் கூட்டியிருந்தான். 32,000 ரூபாயை அதால் வகுத்தால் என்ன வருகிறது என்று மட்டும் எழுதவில்லை. நான் போட்டுப் பார்த்தேன். மணிக்கு அறுபது ரூபாய்.

இப்போதைக்கு வேலையை விடவில்லை.