ஞானஸ்நானமும் சபையின் அங்கத்துவமும்: எங்கள் நிலைப்பாடு

ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் சபைக்கு எவ்வளவு தூரம் உரியவராகிறார் என்னும் கேள்வி, வேதசாஸ்திரக் கல்லூரிகளின் வகுப்பறைகளில் எழுவதைக் காட்டிலும் அதிகமாக, இறந்துபோன தாயாருக்குக் குழி வெட்ட இடம் கேட்டு ஒரு குடும்பத்தார் ஆயரின் வீட்டு வாசலில் வந்து நிற்கும் வேளையிலேதான் எழுகிறது. தமிழ்நாட்டுச் சபைகளைச் சேர்ந்த ஆயர்களும் உபதேசிமார்களும் சபையாருமாகக் கூடியிருக்கும் எங்கள் ஐக்கியம், இக்கேள்வியை வேதவசனத்தின் வெளிச்சத்திலும் நம் சபைகளின் சரித்திரத்தின் வெளிச்சத்திலும் நெடுநாள் ஆலோசித்து, பின்வரும் நிர்ணயத்துக்கு வந்துள்ளது: ஒருவருக்குத் திரித்துவ நாமத்தினாலே ஞானஸ்நானம் கொடுத்த சபை, அவரை ஆலயத்தின் ஆசனத்திலோ, திருவிருந்திலோ, அசனப் பந்தியிலோ, கல்லறைத் தோட்டத்திலோ ஜாதியை முன்னிட்டு வேறாக வைக்குமாயின், தான் கொடுத்த ஞானஸ்நானத்தைத் தானே மறுதலிக்கிறது.

பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனின் வரலாற்றை அப்போஸ்தலர் நடபடிகளில் படிப்போர், அந்த ஓர் இரவில் நிகழ்ந்தவற்றின் வரிசையைக் கவனித்தல் வேண்டும். பூமியதிர்ச்சியில் கதவுகள் திறந்து, கைதிகள் தப்பியோடிவிட்டார்கள் என்று எண்ணித் தன் பட்டயத்தை உருவிய அம்மனிதன், பவுலும் சீலாவும் சொன்ன வசனத்தைக் கேட்டபின், அந்த இராத்திரி நேரத்திலேயே அவர்களுடைய அடிகாயங்களைத் தன் கையால் கழுவுகிறான். உடனே அவனும் அவன் வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். பிறகு அவர்களைத் தன் வீட்டிற்குள் அழைத்துப்போய்ப் போஜனம் படைக்கிறான். காயம் கழுவிய தண்ணீரும், ஞானஸ்நானத் தண்ணீரும், வீட்டுப் பந்தியும் ஒரே இரவுக்குள் அடங்கிவிட்டன. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியிலிருந்து எழுதிய ஜஸ்டின் என்னும் இரத்தசாட்சியும், புதிதாக ஸ்நானம் பெற்றவரைச் சகோதரர்கள் கூடியிருக்கும் இடத்திற்கு அழைத்துவந்து, அவருக்காக ஜெபித்து, ஒருவரையொருவர் முத்தமிட்டு வாழ்த்தி, அப்பத்திலும் பாத்திரத்திலும் பங்குபெறச் செய்த வழக்கத்தை விவரித்திருக்கிறார். இவ்விரு சாட்சியங்களிலும் தண்ணீருக்கும் மேஜைக்கும் நடுவே ஜாதிக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்பதை விட்டுப் பேதுரு ஒதுங்கி நின்றபோது, பவுல் அதைச் சிறு ஆசாரப் பிசகாகக் கருதி விட்டுவிடாமல், சுவிசேஷத்தின் சத்தியத்திற்கே விரோதமென்று கண்டு, எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார்.

நம் நாட்டுச் சரித்திரமோ வேறு பாதையில் சென்றது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் கரையிறங்கிய மிஷனெரி சீகன்பால்கு, அடுத்த ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐவரும் டேனியரிடம் அடிமைகளாயிருந்தவர்கள். உலகத்தாரால் எண்ணப்படாதவர்களை முதற்பலனாகக் கொண்டு தொடங்கிய அந்தச் சபை, ஒரு தலைமுறைக்குள்ளாகவே என்ன செய்தது என்பதை இராஜநாயக்கன் என்னும் உபதேசியாரின் வாழ்க்கை காட்டும். தஞ்சாவூர் மன்னரின் சேனையில் சேவகம் புரிந்த அவர், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதபுத்தகம் கைக்குக் கிடைக்க, அதைப் படித்து, சேவகத்தை விட்டு, தஞ்சைச் சீமையெங்கும் சுவிசேஷம் சொல்லிச் சபைகளை நிறுவியவர். 1733ஆம் ஆண்டு சுதேசி ஒருவரைக் குருவாக அபிஷேகம் செய்ய மிஷனெரிமார் தீர்மானித்தபோது, இராஜநாயக்கனை விட்டு ஆரோன் என்பவர் தெரிந்துகொள்ளப்பட்டார். பின்னும் ஒருமுறை இராஜநாயக்கன் விலக்கப்பட்டார். அவர் கையினால் திருவிருந்து வாங்க மற்ற ஜாதியார் இசையமாட்டார்கள் என்பதே காரணம். ஆரோனின் ஊழியத்தைக் குறைத்துச் சொல்வது எங்கள் எண்ணமன்று. அவர் உத்தமமான குரு. ஆனால் சுவிசேஷத்தை ஒருவருடைய வாயினின்று கேட்கச் சம்மதித்த சபை, அப்பத்தை அவருடைய கையினின்று வாங்கச் சம்மதிக்கவில்லை என்பதை நினைக்குந்தோறும் எங்கள் நெஞ்சம் வேதனைப்படுகிறது.

1833ஆம் ஆண்டு கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி பேதம் உடனே முற்றிலும் ஒழியவேண்டும் என்று நிருபம் எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயம் ஒரே பலிபீடத்தை நோக்கிய இரு பிரிவுகளாகக் கட்டப்பட்டு, ஒரு பகுதியார் மற்றப் பகுதியாரைக் காணாதபடி அமைந்ததையும், அந்தத் தடுப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றப்பட்டபோது வழக்கும் கலகமும் எழுந்ததையும் அறிவோம். இதனைப் பிற சபையாரின் குற்றமாக எடுத்துரைக்கவில்லை. எங்கள் கல்லறைத் தோட்டங்களிலும் இன்றும் சுவர் உண்டு. சுவரில்லாத இடங்களில் வழக்கமே சுவராக நிற்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை ஐயமின்றிச் சொல்லவேண்டும். கிறிஸ்தவத்தில் ஜாதியில்லை என்னும் உபதேசத்தைக் காட்டி, தலித் கிறிஸ்தவர்களின் உரிமையை மறுப்பது நியாயமாகாது. 1950ஆம் ஆண்டின் ஜனாதிபதி ஆணை, இந்து சமயத்தாரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது; 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர்; கிறிஸ்தவர்கள் வெளியே நிறுத்தப்பட்டனர். ஞானஸ்நானம் பெற்ற மறுநாளும் அதே தெருவில், அதே கூலிக்கு, அதே இழிசொல்லைக் கேட்டு வாழ்கிறவரிடம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உமக்கில்லை என்று சொல்வது, சமூகம் செய்யும் பாவத்துக்கு அவருடைய விசுவாசத்தின்மேல் தண்டம் விதிப்பதாகும். இந்த வரையறையை விதிக்கும் அவ்வாணையின் மூன்றாம் பத்தி நீக்கப்படவேண்டும் என்னும் கோரிக்கையை முழுமனதோடு ஆதரிக்கிறோம். ஆயினும் அரசாங்கத்திடம் நீதி கேட்கும் சபை, தன் கல்லறைத் தோட்டத்தின் சாவியை யார் கையில் வைத்திருக்கிறது என்பதையும் சோதித்தறிய வேண்டும்.

ஞானஸ்நானத்தைக் குழந்தைக்குக் கொடுப்பதா, விசுவாசத்தை அறிக்கையிடும் வயதினருக்குக் கொடுப்பதா என்னும் விவாதத்துள் இவ்வறிக்கை புகவில்லை. பல சபைகள் கூடி வகுத்த 1982ஆம் ஆண்டின் லீமா ஆவணம் கூறியவாறு, ஒருமுறை பெற்ற ஞானஸ்நானம் மீண்டும் கொடுக்கத்தக்கதன்று என்பதே எங்கள் கொள்கை. சந்தா பாக்கியைக் காட்டி அடக்கம் மறுப்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. சந்தா சபையின் செலவுக்கானது. அங்கத்துவமோ கிறிஸ்துவின் சரீரத்தில் இணைக்கப்பட்டதனால் வருவது.

ஆகவே எங்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த சபைகள் அனைத்தும், பிறப்பால் எவராயிருப்பினும் அபிஷேகம் பெற்ற ஊழியரின் கையினின்று ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறவும், அசனத்தில் சமையலும் பரிமாறுதலும் எல்லாக் குடும்பத்தார்க்கும் முறைப்படி வரவும், ஞானத்தாய் ஞானத்தகப்பன்மார் குழந்தையின் உறவுமுறைக்கு வெளியேயிருந்தும் தெரிந்துகொள்ளப்படவும் ஆவன செய்யவேண்டும். கல்லறைகள் இறந்த தேதியின் வரிசைப்படியே ஒதுக்கப்படவேண்டும். தடுப்புச் சுவர் உள்ள இடங்களில், அதை அகற்றும் தீர்மானத்தைச் சபை மன்றம் தன் அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொண்டு, செலவுக்கான தொகையையும் அக்கூட்டத்திலேயே ஒதுக்கவேண்டும்.