க்ஷயமும் பசியும்

க்ஷயரோகத்தை இந்நாட்டிலிருந்து ஒழித்துவிடுவதாக மத்திய சர்க்கார் 2018-ஆம் ஆண்டில் தில்லியில் கூடிய மகாநாட்டில் வாக்களித்தார்கள். அதற்கு அவர்கள் விதித்துக்கொண்ட கெடு 2025. உலகம் முழுமைக்கும் ஏற்பட்ட கெடு 2030-ஆக இருக்க, நாம் ஐந்தாண்டு முந்திக்கொள்வோம் என்பது அவ்வாக்குறுதியின் பெருமையாகப் பேசப்பட்டது. ஆனால் கெடு முடிய ஓராண்டே எஞ்சியிருந்த 2024-லும், உலகத்தில் புதிதாக க்ஷயம் கண்டவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. மருந்து இல்லாமையால் இந்நிலை நேர்ந்தது என்று சொல்வதற்கில்லை. இடையிடையே தட்டுப்பாடு நேர்வதுண்டாயினும், சர்க்கார் வைத்தியசாலைகளில் மருந்து இலவசமாகவே கொடுக்கப்படுகிறது. குறை நோயாளியின் வீட்டு அடுப்பில் இருக்கிறது என்பதே நம் அபிப்பிராயம்.

க்ஷயத்தின் கிருமியை ஜெர்மானிய வைத்தியர் கோக் 1882-இல் கண்டுபிடித்து வெளியிட்டார். அது காற்றின் மூலம் பரவுவது. செல்வனென்றும் ஏழையென்றும் பார்ப்பதில்லை. ஆனால் கிருமி புகுந்த எல்லோரும் நோயாளிகளாவதில்லை. பெரும்பாலோர் உடம்பில் அது அடங்கிக் கிடந்தே போகிறது. அதை அடக்கி வைக்கும் வலிமையை உடம்புக்குக் கொடுப்பது உணவு. அரை வயிற்றுக் கஞ்சி குடிப்பவனிடம் அவ்வலிமை குன்றுகிறது; கிருமி தலையெடுக்கிறது. காற்றோட்டமில்லாத ஓர் அறையில் ஆறு பேர் படுத்துறங்கினால், ஒருவனிடம் தலையெடுத்தது மற்ற ஐவரையும் தேடிச் செல்கிறது. ‘ஏழைகளின் அசுத்தமே நோய்க்குக் காரணம்’ என்று உபந்நியாசம் செய்யும் கனவான்கள் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் சென்னை நகருக்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் க்ஷயரோக சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு சாராருக்கு சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு சாராருக்கு அவர்கள் வீட்டிலேயே இருக்கச் செய்தும், ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் காற்றும் இருந்தன. வீட்டிலோ நெருக்கடியும், குறைந்த உணவும், ஓயாத வேலையும். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் நூற்றுக்கு 86 பேரும் தேறியிருந்தார்கள். 1959-இல் இது வெளியானபின் உலகமே தன் சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. மலைச்சாரலில் மாதக்கணக்கில் கிடந்துதான் க்ஷயம் தீரவேண்டும் என்ற நிலை ஒழிந்தது. சென்னையின் குடிசைவாசிகள் உலகத்துக்குச் செய்த உபகாரம் இது என்றால் மிகையாகாது.

ஆனால் அந்த நல்ல ஆராய்ச்சியிலிருந்து ஒரு தவறான பாடத்தையும் நம் அதிகாரிகள் கற்றுக்கொண்டார்கள். மருந்து இருந்தால் போதும், சோற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பதே அது. பொக்கிஷத்தைக் காப்போருக்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன வேண்டும்? ஆராய்ச்சி கேட்ட கேள்வி, வந்த நோய் மருந்தால் தீருமா என்பது. அந்நோய் ஏன் அவ்வீட்டுக்கு வந்தது, அடுத்தபடி அவ்வீட்டில் யாருக்கு வரும் என்ற கேள்விகளுக்கு அது விடை சொல்ல வந்ததன்று.

அக்கேள்விகளுக்கு விடை ஜார்க்கண்டிலிருந்து வந்தது. சேத்துப்பட்டு நிலையத்தின் வழிவந்த தேசிய க்ஷயரோக ஆராய்ச்சி ஸ்தாபனமும் பங்கு கொண்ட அப்பரிசோதனை, 2019 முதல் 2022 வரை அந்த ராஜ்யத்தின் நான்கு ஜில்லாக்களில் நடந்து, 2023 ஆகஸ்டில் வெளியாயிற்று. நோயாளிகள் 2,800 பேர்; அவர்கள் வீட்டார் 10,345 பேர். நோயாளிகளில் ஐவருக்கு நால்வர் உடல் மெலிந்தவர்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள்கள் கொடுத்தார்கள். வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1½ கிலோ பருப்பும் சத்துமாத்திரையும் கொடுத்தார்கள். அவ்வளவுதான். உணவு பெற்ற வீடுகளில் புதிதாக க்ஷயம் கண்டது, பெறாத வீடுகளைவிட நூற்றுக்கு 39 வீதம் குறைந்தது. கிருமி சோதனையில் உறுதிப்பட்ட நுரையீரல் க்ஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் குறைவு 48 வீதம். ஊசியில்லை, புது மருந்தில்லை; அரிசியும் பருப்பும் செய்த வேலை இது.

முப்பது வீடுகளுக்கு இவ்வாறு உணவளித்தால்தான் ஒரு புது நோயாளி உண்டாகாமல் தடுக்கலாம். இவ்வளவு செலவு தகுமா என்று சிலர் கணக்குப் போடுவார்கள். கணக்கை முழுமையாகவே போடட்டும். கூலிக்காரன் ஒருவன் நோயில் விழுந்தால் முதல் மாதமே கூலி நிற்கிறது. இரண்டாம் மாதம் கடன். பிறகு பிள்ளையின் படிப்பு நிற்கிறது. வீட்டில் இருப்பதை நோயாளிக்கு வைத்துவிட்டு மனைவி தண்ணீர் குடித்துப் படுக்கிறாள். அடுத்து மெலிகிறவள் அவளே. வறுமை நோயைக் கொண்டுவர, நோய் வறுமையை வளர்க்கிறது. முப்பது வீடுகளின் பருப்புக் கிரயத்தை ஒரு தட்டில் வைப்போர், இதையும் மறுதட்டில் வைத்துப் பார்க்க வேண்டாமா?

சர்க்கார் செய்வது என்ன? நோயாளியின் உணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தார்கள். 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கினார்கள். வரவேற்கிறோம். ஆயினும் அது நாளொன்றுக்கு 33 ரூபாய்; அதுவும் நோயாளி ஒருவருக்கே. வீட்டாருக்கு உணவளிக்கும் பொறுப்பை அதே 2024-இல் ‘நிக்ஷய் மித்ர’ ஏற்பாட்டில் சேர்த்து, தர்மவான்களின் கையில் விட்டிருக்கிறார்கள். தர்மம் செய்வோரை நாம் குறை கூறவில்லை. ஆனால் தொற்றுநோயைத் தடுப்பது பிரஜைகளுக்குச் சர்க்கார் செய்ய வேண்டிய கடமை. கம்பெனிகள் மனமிரங்கிய ஜில்லாவில் பருப்பு, மனமிரங்காத ஜில்லாவில் பட்டினி என்பது எந்த ராஜநீதி?

இதற்குப் புதிய இலாகா எதுவும் வேண்டியதில்லை. ரேஷன் கடை இருக்கிறது. நோயாளிகளின் ஜாபிதாவும் சர்க்காரிடமே இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தானியத்தைத்தான் கொடுக்கிறது, பருப்பைக் கொடுப்பதில்லை. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் பருப்பு கிடைப்பது நமக்குப் பெருமையே. ஆனால் இங்கும் கார்டுக்கு மாதம் ஒரு கிலோதான். ஜார்க்கண்டில் நோயைத் தடுத்தது ஆளுக்கு ஒன்றரை கிலோ. க்ஷயம் என்று தெரிந்த நாளிலிருந்து, அந்தக் குடும்பத்தின் கார்டில் தலைக்கு ஒன்றரை கிலோ பருப்பை, விலையின்றி, சிகிச்சை முடியும் வரையில் ஏற்ற வேண்டுமென்று கேட்கிறோம். சென்னை சர்க்கார் முதலில் செய்தால் தில்லியும் பின்தொடரும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் வைத்தியசாலைக் கட்டடங்களுக்கு எத்தனை கோடி என்பதை மந்திரிகள் வாசிக்கத்தான் போகிறார்கள். துவரம்பருப்புக்கு எவ்வளவு என்று அங்கத்தினர்களில் யாரேனும் ஒருவர் எழுந்து கேட்கட்டும்.