இழுத்தால் பிடிக்குமா?



பல வருஷமாக நின்றுபோன டிராக்டரைப் பார்த்தால் நம் ஊர்ப்பக்கம் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். "இன்னொரு வண்டியில சங்கிலி போட்டு இழு, தானா பிடிச்சுக்கும்!" நேற்று நிறுத்திய வண்டிக்கு பேட்டரி இறங்கிப் போயிருந்தால் இது சரி. எட்டு, பத்து வருஷம் நின்ற வண்டியை இப்படி இழுப்பது அதைக் கொல்வதற்குச் சமம் என்பது என் கருத்து. இதைச் சொல்ல இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு, அவ்வளவுதான். ஆனாலும் இழுக்க விடாமல் தடுத்ததால்தான் சென்ற ஆண்டு ஒரு பழைய மாஸி பெர்குசன் 1035 எடைக்குப் போகாமல் தப்பியது.

காரணத்தை முதலில் பார்ப்போம். டீசல் எஞ்சினில் பொறி பறக்கும் பிளக் கிடையாது. 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய நாள் முதல் தத்துவம் இதுதான்: காற்றை அழுத்தினால் சூடாகும், அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீச்சினால் தானே பற்றிக் கொள்ளும். பதினாறு, பதினேழு பங்கு இடத்தில் இருக்கிற காற்றை ஒரு பங்கு இடத்தில் அடைக்க வேண்டுமென்றால் ரிங் லைனரோடு நன்றாகப் பொருந்தி நிற்க வேண்டும். வருஷக்கணக்கில் நின்றால் அந்த இடத்தில்தான் துரு பிடிக்கும். எங்கள் வண்டிக்கு சைலன்சர் மேல்நோக்கி இருக்கும். அதன் வாயில் ஒரு டப்பாவைக் கவிழ்த்து வைக்கக்கூட ஆளில்லை. நின்ற நிலையில் ஏதாவது ஒரு சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்தால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே போகும்.

இந்த நிலையில் சங்கிலி போட்டு இழுத்தால் என்ன ஆகும்? சக்கரம் கியரைச் சுற்றும், கியர் கிராங்கைச் சுற்றும், ஒட்டிக்கொண்ட பிஸ்டன் மட்டும் நகராது. ரிங் நொறுங்கும், கனெக்டிங் ராடு வளையும். காற்று அழுங்கும், தண்ணீர் அழுங்காது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோமே! சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றிருந்தால் கதை அதோடு முடிந்தது.

எங்கள் வீட்டில் நான்தான் முதலில் காலேஜ் வாசல் மிதித்தவன். அப்பா அந்த 1035-க்கு டிரைவர். 2015 மழைக்காலத்தில் வண்டி நின்றது. முதலாளி புது வண்டி வாங்கினார், அதற்கு வேறு டிரைவர் வந்தார், அப்பா கூலி வேலைக்குப் போனார். சென்ற ஆண்டு கார்த்திகையில் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "பொங்கலுக்குள்ள ஓட்டிக் காட்டினா நீயே வச்சு ஓட்டு, வாடகையில பாதி குடு. இல்லேன்னா இரும்புக் கடைக்காரன் வந்து ஏத்திக்குவான்." அன்றைக்கே சங்கிலியோடு இரண்டு பேர் வந்து விட்டார்கள். நான் வேண்டாமென்றேன். "புள்ள படிச்சிருக்கான், அவன் சொல்றத கேப்போம்" என்றார் அப்பா. வயிற்றில் புளியைக் கரைத்தது எனக்குத்தான்.

மூன்று நாசிலையும் கழற்றினோம். பாதி டீசல், பாதி எஞ்சின் ஆயில் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி நாலு நாள் ஊற விட்டோம். வேலை முடிந்து வரும்போதெல்லாம் அப்பா போய் குறைந்ததை ஊற்றிவிட்டு வருவார். ஐந்தாம் நாள் கிராங்க் புல்லி நட்டில் பாக்ஸ் ஸ்பேனரும் பைப்பும் போட்டுத் திருப்பினால் அசையவில்லை. நானாக இருந்தால் பைப்பின் மேல் ஏறி நின்றிருப்பேன். அப்பா பலம் கொடுக்காமல் முன்னும் பின்னும் ஆட்டிக் கொண்டே இருந்தார். அரை மணி நேரத்தில் நூல் அளவு. மறுநாள் கால் சுற்று. சாயங்காலம் ஒரு முழுச் சுற்று! இந்தப் பொறுமை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

சம்ப் போல்ட்டைத் தளர்த்தியதும் முதலில் ஆயிலுக்குப் பதில் தண்ணீர்தான் வந்தது. புது ஆயில் ஊற்றி, பேட்டரி வாங்கி வந்து, நாசில் மாட்டாமலே செல்ஃப் அடித்தோம். "நாசில் இல்லாம எதுக்குடா சும்மா சுத்துற?" என்றார் அப்பா. பேரிங்குகள் அத்தனை வருஷம் காய்ந்து கிடக்கின்றன, அழுத்தம் இல்லாத போதே ஆயில் ஏற வேண்டும் என்றேன். ஆயில் கேஜ் முள் எழுந்த பிறகுதான் மேற்கொண்டு போனோம். நம் படிப்பு கைகொடுத்த இடம் அது.

செலவு வைத்தது பம்ப்தான். எங்கள் வண்டியில் இருப்பது ரோட்டரி பம்ப். அதற்கு டீசலே மசகு. பழைய டீசல் பிசினாகி உள்ளே இறுகியிருந்ததால் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்தோம். டாங்கியைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, ஏர் எடுத்தோம். (அப்பாவுக்கு ஏர் என்றால் கலப்பை. "டீசல் குழாய்க்குள்ள எவன்டா ஏர் பூட்டினான்?" என்று சிரித்தார்.) ஃபீட் பம்ப் கைப்பிடியை அடித்தால் டீசலே வரவில்லை. உள்ளே கேம் உச்சியில் நின்றால் கைப்பிடி வெறுமனே ஆடும், எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பி விட்டால் சரியாகும் என்று மெக்கானிக் அண்ணன் காட்டிக் கொடுத்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பம்ப் உள்ளே எங்காவது இறுகினால் எஞ்சின் அடங்காமல் வேகமெடுக்கும், சாவி கேட்காது. ஆகவே ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி, பலகை ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். வாயை மூடினால் காற்றில்லாமல் நின்றுவிடும். கையால் மூடப் போகக் கூடாது.

மார்கழி கடைசியில் பிடித்தது. வெள்ளைப் புகை, ஒற்றைச் சிலிண்டர், பிறகு இரண்டு, பிறகு மூன்றும். ஊரே கை தட்டியது. அப்பா காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மூணாவது லேசா தட்டுது" என்றார். அப்புறம் பார்த்தால் கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது! அதை விடுவிக்க இன்னும் மூன்று நாள். தை இரண்டாம் வாரம்தான் வயலில் இறங்கியது. முதலாளி அந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

இனி நம் லேபுக்கு வருகிறேன். நாம் உள்ளே நுழையும்போதே எஞ்சின் ஓடிக் கொண்டிருக்கும். மானோமீட்டர் பார்க்கிறோம், ரீடிங் எழுதுகிறோம், எஃபிஷியன்சி கணக்குப் போடுகிறோம். எரிபொருள் அமைப்பைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னால் கண்ணை மூடிக் கொண்டு வரைவோம். ஆனால் ஏர் எடுக்கும் ஸ்க்ரூவை நம்மில் எத்தனை பேர் தொட்டிருக்கிறோம்? "அதெல்லாம் மெக்கானிக் வேலைடா, நாம சூப்பர்வைசர் ஆகப் போறவங்க" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எஞ்சின் ஏன் நிற்கிறது என்று தெரியாத சூப்பர்வைசரை மெக்கானிக் மதிப்பாரா? "பாலிடெக்னிக்ல எதைத்தான் சொல்லித் தர்றாங்க தம்பி?" என்று அந்த அண்ணன் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

மாணவர் பேரவைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒர்க்‌ஷாப் பின்புறம் புங்கமரத்தடியில், தார்ப்பாய்க்கு அடியில் ஓர் இரண்டு சிலிண்டர் எஞ்சின் கிடக்கிறது. சீனியர்களைக் கேட்டால், அவர்கள் சேர்ந்தபோதே அப்படித்தான் கிடந்ததாம். அடுத்த செமஸ்டரில் சனிக்கிழமைகளில் அதை எங்களிடம் விடுங்கள். ஊற்றுவதற்கு டீசலும் ஆயிலும் நான் கொண்டு வருகிறேன். பாக்ஸ் ஸ்பேனர் செட் துறைத் தலைவர் அறை பீரோவில் இருக்கிறது.